மலைப்பாதையும் பந்தயப்பாதையும்

திருமலையிலிருந்து பேருந்தில் இறங்கி வந்தவர்களுக்கு, அலிபிரியை அணுகும் வேளையில் மூக்கில் ஏறும் ஒரு காய்ந்த நெடி நினைவிருக்கும். துளசியும் கற்பூரமும் மணக்கும் மலையிலிருந்து வருகையில் இந்நெடி எங்கிருந்து வந்தது என்று குழந்தைகள் கேட்பார்கள். 'வண்டி சூடேறிவிட்டது' என்று பெரியவர்கள் விடையளித்து முடித்துவிடுவார்கள். உண்மையில் வண்டி சூடேறவில்லை. இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலை குறைவு. சூடேறியது பிரேக். அதன் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும் லைனிங்கில் கலந்த பிசின், வெந்து எழுப்பும் நெடி அது. சித்தூரில் வளர்ந்த எனக்கு அந்த நெடி இளமை முதலே பழக்கம். ஆயினும் அதைப்பற்றி எழுதவேண்டிய தேவை ஒரு கடிதத்தால்தான் வந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் தமக்கை மகன், இரண்டே இருக்கைகளுள்ள ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறான். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப்பாதையில், சொந்த வண்டி வைத்திருப்போரும் ஓட்டிப் பார்க்க இடந்தரும் நாட்கள் உண்டு. அங்கே ஓட்டவேண்டும் என்பது அவனுடைய ஆசை. 'மாமா, பிரேக் பேடு மாற்றப் போகிறேன். பந்தயப் பேடு போட்டுவிட்டால் பாதையிலும் கவலையில்லை, மலையிலும் கவலையில்லை என்று கடைக்காரர் சொல்கிறார். தங்கள் கருத்து யாது?' என்று எழுதியிருந்தான். புரட்டாசியில் தன் தாயை அதே வண்டியில் திருமலைக்கு அழைத்துச் செல்லும் எண்ணமும் அவனுக்கு இருந்தது. கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதி ஆபத்து. எது எந்தப் பாதி என்பதை விளக்கப் புகுந்தபோது, பிரேக்கின் வரலாற்றையே சொல்லவேண்டியதாயிற்று.

'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று நாம் அன்றாடம் பேசுகிறோம். சரிவில் நிற்கும் வண்டி உருளாதிருக்கச் சக்கரத்துக்கு அணைகொடுத்த கட்டையே அந்தச் சொல்லின் பிறப்பிடம். நின்ற வண்டிக்கு அது போதும். ஓடுகிற வண்டிக்குப் போதாது. ஓடும் சக்கரத்தின்மேல் மரக்கட்டையை அழுத்தித் தேய்ப்பதே உலகெங்கும் வண்டிக்காரர்கள் கண்ட முதல் வழி. மரம் தேயும், புகையும், மழையில் நனைந்தால் வழுக்கும்.

இங்கிலாந்தில் டெர்பிஷயர் என்பது மலைப்பாங்கான வட்டாரம். அங்கே இறக்கத்தில் செல்லும் குதிரைவண்டிக்காரர்கள், மரக்கட்டையின்மேல் பழைய பூட்ஸின் தோலை ஆணியடித்து ஒட்டியிருந்ததை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கவனித்தார். தோல் மரத்தைவிட நன்றாகப் பிடித்தது. அதைவிடச் சிறந்த பொருளைச் செய்யலாமே என்று 1897-இல் அவர் தொடங்கிய முயற்சியே பின்னாளில் 'ஃபெரோடோ' என்னும் பெயரில் உலகப் புகழ் பெற்ற தொழிலாயிற்று. முதலில் அவர் பருத்தி நெசவைப் பிசினில் ஊறவைத்துப் பயன்படுத்தினார். ஏறத்தாழ 150 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் பருத்தி கருகத் தொடங்கியது. மோட்டார் வண்டிகளின் வேகம் கூடக்கூட அது தாக்குப்பிடிக்கவில்லை. ஆகவே 1908-ஐ ஒட்டி, நெருப்புக்கு அஞ்சாத ஆஸ்பெஸ்டாஸ் இழைக்கு அவர் மாறினார்.

நெருப்புக்கு அஞ்சாத அந்த இழை மனிதனுடைய நுரையீரலுக்கு எமனாக அமைந்தது. லைனிங் மாற்றும் பட்டறைகளில் டிரம்மைக் கழற்றி, உள்ளேயிருக்கும் தூசியை வாயால் ஊதித் துடைத்த தொழிலாளர்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அந்தத் தூசியின் தன்மை அவர்களுக்கும் தெரியாது, பார்த்துக்கொண்டு நின்ற எங்களுக்கும் தெரியாது. பிரிட்டன் 1999-இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-இலும் ஆஸ்பெஸ்டாஸைத் தடைசெய்தன. இன்று பேடுகளில் எஃகு நூல், அராமிட் இழை, கனிம இழை, பீங்கான் துகள் முதலியவை அதன் இடத்தில் அமைந்துள்ளன. இவற்றையெல்லாம் பிணைத்து நிறுத்துவது பெரும்பாலும் பீனாலிக் பிசினே. அலிபிரியில் நாம் முகர்வதும் அதைத்தான்.

இனி நம் மலைக்கு வருவோம். பழந்தமிழ் இலக்கணத்தார் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாகக் கண்ட வேங்கடம் இது. 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டம், 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சென்றது. 1960-இல் திருத்தணி மட்டும் தமிழர் மாநிலத்துக்கு மீண்டது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் எவ்வாறு மாறினும் யாத்திரை மாறவில்லை. நெடுங்காலம் அம்மலை மீது ஏறுவதென்றால் கால்நடைதான், இயலாதவர்க்கு டோலி. மோட்டார் செல்லும் முதல் மலைப்பாதை 1944 ஏப்ரல் 10-ஆம் நாள் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் அவர்களால் திறந்துவைக்கப்பட்டது. அதை வகுத்தளித்தவர் பொறியியல் மேதை விசுவேசுவரய்யா. அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது.

ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் 36 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. முப்பது ஆண்டுக்காலம் ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் அதே பாதையில்தான் எதிரெதிரே சென்றன. 1974-இல் இரண்டாவது பாதை அமைந்த பின்னர், ஏறுவதற்குப் புதியது என்றும் இறங்குவதற்குப் பழையது என்றும் ஏற்பாடாயிற்று. வளைவு மிகுந்த பழைய பாதையை இறக்கத்துக்கு ஒதுக்கியது ஏன் என்று சிலர் வியப்பார்கள். வளைவுதோறும் வண்டி வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். நேரான சரிவில் பாய்ந்தோடிப் பின்னர் தடுமாறுவதைவிட இது மேல் என்பது என் எண்ணம்.

இங்கே சிறிது கணக்குப் போடலாம். நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். திருமலைக்கும் திருப்பதிக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 700 மீட்டர். ஆட்களோடு 15 டன் எடையுள்ள பேருந்து அவ்வளவு உயரம் இறங்கினால், அது இழக்கும் ஆற்றல் பத்துக் கோடி ஜூல்களைச் சற்றே கடக்கும். 350 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அவ்வளவு வெப்பம் போதும். ஆற்றல் அழிவதில்லை. காற்றுத் தடையும் எஞ்சினும் விழுங்கியது போக, எஞ்சியது முழுவதும் பிரேக்கில் வெப்பமாக இறங்கியே தீரும். ஓட்டுநர் கியரைக் குறைக்காமல் காலையே நம்பி இறங்கினால், ஏறக்குறைய அத்தனை வெப்பமும் சில லைனிங்குகளின் தலையில் விழும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். தாழ்ந்த கியரில் எஞ்சின் தானே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறுகிறது.

கீழிறங்க 40 நிமிடத்துக்குக் குறையக்கூடாது என்று பல ஆண்டுகள் விதி இருந்ததையும், மேலும் கீழும் நேரம் குறித்த சீட்டு வாங்கியதையும் அன்பர்கள் அறிவார்கள். பொறுமையற்றவர்கள் அதைத் தொல்லையென்று கருதினர். வெப்பம் வெளியேறுவதற்கு வேண்டிய அவகாசமும் அந்த 40 நிமிடத்தில் அடங்கியிருந்தது.

வெப்பம் மிகுந்தால் லைனிங் என்ன ஆகிறது? மேற்பரப்பில் பிசின் வெந்து ஆவியாகிறது. அந்த ஆவி லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடையே மெத்தைபோல் நின்று பிடிப்பைக் கெடுக்கிறது. மிதி கல்போல் இறுகி நிற்கும், வண்டியோ நிற்காது. புதிதாகப் போட்ட லைனிங்கில், பிசின் முற்றாக வேகாதிருக்கையில், இது மிகுதியாக நேரும். லைனிங் மாற்றிய மறுநாளே மலைக்கு வண்டியை அனுப்பலாகாது என்று பழைய மேஸ்திரிகள் சொன்னதற்குக் காரணம் இதுவே. காரணம் தெரியாமலும் அவர்கள் சரியாகவே சொன்னார்கள்.

மலையின் கதை இப்படியிருக்க, சமவெளியில் வேறொரு பள்ளிக்கூடம் தோன்றியது. சென்னைக்கு வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையில், சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. நாடெங்குமிருந்து ஓட்டுநர்கள் வந்தனர். ஆயிரக்கணக்கானோர் வெயிலில் நின்று பார்த்தனர். பிற்காலத்தில் கோயம்புத்தூர் கரிவர்தன் போன்றவர்கள் தாமே வண்டி வடித்துக் கொண்டுவந்து ஓட்டியதும் அந்த மரபில்தான். விமானத்துக்காகப் போட்ட தளமாதலால் நேர்ப்பாதை நீண்டது. நீண்ட நேர்ப்பாதையில் வேகம் ஏறும். அதன் முடிவில் வளைவு வரும். அங்கே முழுப்பலத்துடன் பிரேக்கை மிதித்தே ஆகவேண்டும்.

மலைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை எண்ணில் காட்டலாம். 1,200 கிலோ எடையுள்ள கார் ஒன்று திருமலையிலிருந்து இறங்கினால் 82 லட்சம் ஜூல் வெப்பம். அதே கார் பந்தயப்பாதையில் மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 60-க்கு வேகம் குறைந்தால் 10 லட்சம் ஜூல். அதாவது எட்டுமுறை அவ்வாறு மிதித்தால் முழு மலையையும் இறங்கியதற்குச் சமம். ஆனால் மலையில் அது 40 நிமிடத்தில் பரவி நிகழ்கிறது. பந்தயத்தில் ஒவ்வொரு மிதிப்பும் மூன்று நான்கு விநாடிகளில் முடிகிறது. மிதித்துக்கொண்டிருக்கும் அந்த விநாடிகளில் பிரேக்கினுள் பாயும் வெப்பம், மலையில் பாய்வதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. பிறகு காற்றில் ஆறச் சில விநாடி. உடனே அடுத்த வளைவு. மலையின் வெப்பம் அடுப்பில் வைத்த பால். பந்தயத்தின் வெப்பம் கொல்லன் உலையில் மீண்டும் மீண்டும் காய்ச்சும் இரும்பு.

மூடிய டிரம்முக்குள் இந்த வெப்பம் சிறைப்படுகிறது. ஆகவே திறந்த தட்டை இருபுறமும் இடுக்கிப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் வந்தது. கருத்து புதிதன்று. 1902-இலேயே ஃபிரெடரிக் லான்செஸ்டர் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அவர் வைத்த செம்புப் பேடுகள் கேட்பவர் காதைப் பிளக்கும்படி கிரீச்சிட்டன. தக்க பேடு இல்லாத பிரேக் என்ன பயன்? அரைநூற்றாண்டு கழித்து, 1952-இல், ஜாகுவார் நிறுவனம் டன்லப்பின் டிஸ்க் பிரேக்கைத் தன் சி-டைப் காரில் பொருத்தி இத்தாலியின் மில்லே மில்யா பந்தயத்துக்கு அனுப்பியது. அவ்வண்டி அங்கே முடிவுக்கோட்டை எட்டவில்லை. ஆயினும் மறு ஆண்டு பிரான்ஸில் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் அவ்வகை வண்டிகள் முதலிடமும் இரண்டாமிடமும் பெற்றன. மற்ற ஓட்டுநர்கள் வளைவுக்கு வெகு முன்பே மிதித்துக்கொண்டிருக்க, ஜாகுவார்காரர்கள் நெருங்கிச்சென்று மிதித்தனர். விடியும் வரை அவர்களுடைய பிரேக் தளரவில்லை. 1955-இல் டிரம் பிரேக்கையே வைத்திருந்த மெர்சிடிஸ் வண்டிகள், அதற்குத் துணையாக, ஓட்டுநருக்குப் பின்னால் பெரிய மடல் ஒன்றை நிமிர்த்திக் காற்றைத் தடுக்கும் விந்தையான ஏற்பாட்டுடன் லெ மானுக்கு வந்தன. அதே 1955-இல் சிட்ரோயன் டி.எஸ். என்னும் குடும்பக் காரில் முன்சக்கர டிஸ்க் பிரேக் இடம்பெற்றது. நம் நாட்டின் அம்பாஸடரும் ஃபியட்டும் நெடுங்காலம் டிரம்மோடேயே ஓடின என்பது வேறு கதை.

பிரேக்கை இறக்குமதி செய்துகொண்டிருந்த நிலை மாறியதும் சென்னையில்தான். 1962-இல் இங்கிலாந்தின் கர்லிங் நிறுவனத்துடன் கூட்டாக டி.வி.எஸ். குடும்பத்தார் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கினர். 1964-இல் ரானே பிரேக் லைனிங், 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று லைனிங்குக்கென்றே ஆலைகள் எழுந்தன. தேவாரம் பாடிய திருவலிதாயமாகிய பாடி, இன்று வண்டிக்காரர்களுக்குப் பிரேக்கால் அறிமுகமான ஊர். திருமலைப்பாதையில் ஏறியிறங்கும் வண்டிகளின் தேவை இத்தொழிலுக்கு ஓயாத சந்தை. அதன் புகார்கள் ஓயாத பாடம்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப்பாதை 1990-இல் திறக்கப்பட்டது. சுற்றளவு 3.7 கிலோமீட்டர். ஓடுதளமாயிருந்து பந்தயத்துக்குத் திருப்பப்பட்டதல்ல. பந்தயத்துக்கென்றே வளைவுகளை வகுத்துக் கட்டியது. என் மருமகன் போகவிருப்பது இங்கேதான். இனி அவனுடைய கேள்விக்கு விடை தேடலாம்.

பேடு வாங்குவோர் பலரும் 'எது அதிகமாகப் பிடிக்கும்?' என்று கேட்கிறார்கள். கேட்கவேண்டியது அதுவன்று. 'எந்த வெப்பத்திலிருந்து எந்த வெப்பம் வரை பிடிக்கும்?' என்பதே கேள்வி. சாதாரணச் சாலைப் பேடு, குளிர்ந்திருக்கும்போதே முதல் மிதியில் நன்றாகப் பிடிக்கும். 350, 400 டிகிரியை அணுகுகையில் பிடிப்பு தளரும். பந்தயப் பேடு 600, 700 டிகிரியிலும் உறுதியாக நிற்கும். ஆனால் அது சூடேறும் வரை அரைத் தூக்கத்தில் இருக்கும். அவற்றுள் சில 150, 200 டிகிரியை எட்டிய பின்னரே விழித்துக்கொள்கின்றன. ஊருக்குள் நடமாடும் வண்டியில் பிரேக்கின் வெப்பம் பெரும்பாலும் 100-ஐச் சுற்றியே இருக்கும். ஆகவே தெருவில் குழந்தை குறுக்கே ஓடிவரும் நேரத்தில் விலையுயர்ந்த பந்தயப் பேடு, மலிவான சாலைப் பேட்டைவிடத் தாமதமாகவே வண்டியை நிறுத்தக்கூடும். அதோடு குளிர்ந்த நிலையில் அது கிரீச்சிடும். தட்டையும் அரத்தால் ராவுவதுபோல் ராவித் தின்னும்.

பேடுகள் பலவற்றின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துக்கள் அச்சிட்டிருப்பதை நேயர்கள் பார்க்கலாம். முதலெழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு எவ்வளவு என்பதையும், இரண்டாம் எழுத்து மிகு வெப்பத்தில் எவ்வளவு என்பதையும் காட்டுகின்றன. 'இ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.55 வரை. முதலெழுத்தைவிட இரண்டாம் எழுத்து தாழ்ந்திருந்தால், அப்பேடு சூட்டில் தளர்கிறது என்று அறியலாம். மலைக்குப் போகிறவருக்கு இது மிகப் பயன்படும். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அமெரிக்கப் பொறியாளர் சங்கம் வகுத்த அந்தச் சோதனையின் உச்ச வெப்பம் 343 டிகிரிதான். பந்தயப்பாதையில் பேடு சந்திக்கும் உலகம் அதற்கு மேலே தொடங்குகிறது. எனவே பந்தயத்துக்குப் பேடு தேடுவோர் அந்த எழுத்துக்களை விட்டு, தயாரிப்பாளர் வெளியிடும் வெப்ப வரைகோட்டைக் கேட்டு வாங்கவேண்டும். அதைக் காட்டமுடியாத கடையில் பந்தயப் பேடு வாங்காதிருப்பதே நன்று.

பேடு சரியாயிருந்தும் பிரேக் கைவிடுவதுண்டு. மேலே சொன்ன தளர்ச்சியில் மிதி இறுகியிருக்கும். இன்னொரு வகையில் மிதி அப்படியே தரை வரை இறங்கிவிடும். இது பிரேக் ஆயில் கொதித்ததன் விளைவு. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும் இயல்புடையது. 'டாட் 4' என்ற வகை, புதிதாக இருக்கையில் 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்கவேண்டும்; ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரி வரை தாங்கினால் போதுமென்று விதி. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இரண்டு ஆண்டு இருந்த எண்ணெயுடன் பந்தயப்பாதையில் இறங்குவது, எவ்வளவு உயர்ந்த பேடு போட்டிருந்தாலும், வீண். எனவே என் மருமகனுக்கு நான் எழுதிய முதல் வாக்கியம் பேட்டைப் பற்றியதன்று; எண்ணெயை மாற்று என்பதே.

பின்சக்கரத்துக்கும் அதே உயர்ந்த பேடு போடட்டுமா என்று அவன் இடையில் கேட்டான். மிதிக்கும்போது வண்டியின் சுமை முன்னே சாய்கிறது; பின்சக்கரம் இலேசாகிறது. அங்கே பிடிப்பு மிகுந்தால் அது உருளாமல் பூட்டிக்கொள்ளும், வண்டி பம்பரமாகச் சுழலும். பின்னால் முன்னதற்குச் சமமானதோ சற்றுக் குறைந்ததோ போடலாம், மிகுந்தது கூடாது.

இனிக் கடைக்காரர் சொன்னதற்கு வருவோம். 'பந்தயப் பேடு போட்டால் பாதையில் கவலையில்லை' என்பது சரி. 'மலையிலும் கவலையில்லை' என்பதை ஒப்புக்கொள்ள நான் ஆயத்தமாக இல்லை. பெங்களூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு வரும் பழைய நெடுஞ்சாலை கோலார், முளுபாகல், பலமனேர், சித்தூர், இராணிப்பேட்டை வழியாக வருகிறது. மைசூர் மேட்டுநிலம் பலமனேரோடு முடிந்து, மொகிலி மலைச்சரிவில் சாலை சித்தூர்ச் சீமைக்கு இறங்குகிறது. சுமையேற்றிய லாரிகள் மிகுந்த இடம். விபத்துக்களுக்குப் பெயர்போன இடம். விடியற்காலையில் புறப்படும் ஒருவன், மேட்டுநிலத்தில் பிரேக்கைத் தொடத் தேவையேயின்றி நெடுந்தூரம் வந்திருப்பான். அவனுடைய பேடுகள் பனிக்காற்றில் குளிர்ந்து கிடக்கும். வளைவைத் திரும்பியதும் எதிரே லாரி. அப்போது முதல் மிதியிலேயே பிடிக்கும் பேடு வேண்டும். 200 டிகிரிக்குக் காத்திருக்கும் பேடு அங்கே துணையாகாது.

வழி இரண்டு. ஒன்று, சாலைக்கொரு தொகுதி, பாதைக்கொரு தொகுதி என வைத்துக்கொண்டு, பந்தயப்பாதையின் கொட்டகையில் மாற்றிக்கொள்ளுதல். தேர்ந்தவர்கள் அவ்வாறே செய்கிறார்கள். இதிலும் ஒரு சிக்கல். நன்கு பழகிய பேடு தன் பொருளை மெல்லிய படலமாகத் தட்டின்மேல் படிய வைக்கிறது. உராய்வில் பெரும்பகுதி பேட்டுக்கும் அந்தப் படலத்துக்கும் இடையேதான் நிகழ்கிறது. வேறு கலவையாலான பேட்டை அதே தட்டில் வைத்தால், பழைய படலமும் புதியதும் ஒட்டாமல் திட்டுத்திட்டாகப் படிந்து மிதி அதிரும். தட்டு கோணிவிட்டது என்று பட்டறையில் சொல்வார்கள். பல வேளைகளில் அது கோணலன்று, படலத்தின் கோளாறு. எனவே பேட்டோடு தட்டையும் மாற்றவேண்டும், அல்லது ஒரே தயாரிப்பாளரின் ஒத்த கலவைகளைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

மற்றொரு வழி இடைப்பட்ட பேடு. குளிரிலும் பிடிக்கும், 500 டிகிரியை ஒட்டியும் தளராது என்னும் வகை. அதிகச் சுற்றுகளை அது தாங்காது. ஐந்தாறு சுற்று வேகமாக ஓட்டி, ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் மெல்ல ஓட்டி ஆறவைத்துக் கொட்டகைக்கு வரவேண்டும். வந்ததும் கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தலாகாது. காய்ந்த பேடு காய்ந்த தட்டோடு ஒட்டி வடுவை உண்டாக்கும். முதன்முதலாகப் பந்தயப்பாதைக்குச் செல்பவனுக்கு இதுவே போதும் என்பது என் தீர்ப்பு. வேகம் கைவந்து, ஐந்தாம் சுற்றிலேயே பேடு தளர்கிறது என்னும் நிலை வந்தபின் இரண்டு தொகுதிகளைப்பற்றி எண்ணலாம். பழகாதவன் வளைவுக்கு வளைவு மெல்லமெல்ல நெடுநேரம் மிதித்துக்கொண்டிருப்பான். பழகியவன் ஒருமுறை அழுத்தமாக மிதித்து உடனே விடுவான். முன்னவன் பந்தயப்பாதையை மலைப்பாதையாக்கி, வேகமும் இல்லாமல் பேட்டையும் எரித்துக்கொள்கிறான்.

புதிய பேட்டைப் போட்டவுடன் பழக்கவேண்டும் என்பதையும் எழுதினேன். ஆளில்லாத நல்ல சாலையில், மிதமான வேகத்திலிருந்து, முழுவதும் நிறுத்திவிடாமல், பத்துமுறை வரை சீராக மிதித்து, பின்னர் நெடுந்தூரம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடவேண்டும். மேஸ்திரிகள் புது லைனிங்கோடு மலையேறத் தடைசொன்ன அதே நியாயம்தான்.

அவன் நான் சொன்னபடியே இடைப்பட்ட பேட்டைப் போட்டு, எண்ணெயை மாற்றி, இருங்காட்டுக்கோட்டையில் ஒரு நாள் ஓட்டித் திரும்பினான். நான்காவது முறை பாதையில் இறங்கியபோது ஆறாம் சுற்றில் மிதி இறுகத் தொடங்கியதாம். உடனே வேகத்தைக் குறைத்து வெளியேறியிருக்கிறான். கொட்டகையில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்ததும் சிறுவயதில் திருமலையிலிருந்து இறங்கிய பேருந்தின் நெடி வந்ததென்று எழுதியிருக்கிறான். மொகிலிச் சரிவில் ஏறித் திரும்பும் வழியில் பிரேக்குக்கு வேலையே இருக்கவில்லை.

புதிய பேட்டின் கனம் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்கும். சாலைக்கு மட்டுமென்றால் மூன்று மில்லிமீட்டர் வரை தேயவிடலாம். பந்தயப்பாதைக்கும் செல்லும் வண்டியில் பாதி தேய்ந்ததுமே மாற்றவேண்டும். பேடு மெலிந்தால் தட்டின் வெப்பம் நேரே எண்ணெய்க்கு ஏறிவிடும். புரட்டாசிக்கு இன்னும் ஆறு வாரம் உள்ளது. தமக்கையை ஏற்றிக்கொண்டு திருமலைக்குப் புறப்படுமுன் நான்கு சக்கரத்தையும் கழற்றி, பேட்டின் கனத்தை அளந்து எனக்கு எழுதும்படி கேட்டிருக்கிறேன். விடை இன்னும் வரவில்லை.